பொன்னாங்காணிக் கை

முதல் நாளே அவர் எங்கள் வீட்டுக் கதவைக் காலால் உதைத்தார்.

அப்போதுதான் மொன்றியலில் அந்தக் கட்டடத்துக்குக் குடிவந்திருந்தோம். பெட்டிகள் கட்டியபடியே கிடந்தன. கதவு அதிர்ந்த விதத்தில் பொலிஸ்தான் வந்துவிட்டது என்று எண்ணி ஓடிப்போய்த் திறந்தேன். வாசலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். இரண்டு கைகளிலும் பழைய ஐஸ்கிரீம் பெட்டிகள், ஒன்றின்மேல் ஒன்றாக நாடிவரை உயர்ந்து நின்றன.

“கை ரெண்டும் நிறைஞ்சிருக்கு புள்ள, அதான் காலால தட்டினன். குறை நினைக்காதீங்க. மேல இருக்கிற பெட்டி உங்களுக்கு.”

எடுத்துக்கொண்டேன். உள்ளே புட்டும் கணவாய்க் கறியும் சுடச்சுட இருந்தன. அவர் என் பெயரைக் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் கேட்கவில்லை. நான் யாழ்ப்பாணத்துக்காரி. எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் சுகம் விசாரிக்க முன்பே ஊரை விசாரித்துவிடுவோம். அதை வைத்து மற்றதையெல்லாம் ஊகித்தும்விடுவோம். ஒன்றுமே கேளாமல் சாப்பாட்டைத் தந்துவிட்டு அடுத்த கதவை உதைக்கப் போன அந்த மனுஷியைப் பார்த்து நான் திகைத்துப்போய் நின்றேன்.

அவரோடு பழகிய சில ஆண்டுகளும் எனக்கு இப்படித்தான் கழிந்தன. திகைப்பேன், முகம் சுளிப்பேன், பிறகு பெட்டியைத் திறந்து சாப்பிடுவேன். கட்டடத்தில் பெரும்பாலும் தமிழ் ஆட்கள்தான். எல்லோருக்கும் அவர் அக்கா. மட்டக்களப்புப் பக்கம் என்பதைப் பேச்சே சொல்லிவிடும். மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். குடும்பத்தைப் பற்றி அவர் சொன்னதில்லை. கேட்கும் தைரியம் எனக்கும் வரவில்லை.

அவருக்கு இருந்தது ஒரே ஒரு பைத்தியம். சாப்பிடக்கூடிய ஒரு பொருள் ஒருவருடைய வாயிலும் போய்ச் சேராமல் வீணாவதை அவரால் பார்க்க முடியாது. பார்த்தால் கை துடிக்கும். உடனே அதை எடுத்து, ஆக்கி, யாருக்காவது கொடுத்துவிட வேண்டும்.

விமான நிலையம் இருக்கும் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் ஓரிடத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. எங்கள் ஆட்கள் தவம் கிடந்து பெறும் வேலை அது. விமானத்திலிருந்து திரும்பி வரும் தட்டுகளைப் பிரித்து, தொடாத சாப்பாட்டையும் சேர்த்துக் குப்பையில் கொட்டுவது அவருடைய பகுதி. சட்டம் அப்படி. இரண்டு கிழமைகூட நிற்கவில்லை; விட்டுவிட்டு வந்துவிட்டார்.

“பாண் உறையக்கூட ஒருத்தரும் பிரிக்கல்ல புள்ள. பட்டர் கட்டி அப்பிடியே கிடக்கு. அதை என்ட கையால குப்பையில போடச் சொல்றாங்க. என்னால ஏலாது.”

“அக்கா, உங்களுக்கென்ன விசரே? இந்த வேலைக்கு எத்தினை பேர் நாயாய் அலையினம் தெரியுமோ?”

“அலையிறவங்களுக்குக் குடுக்கட்டும். கழுவுற வேலை எங்கயும் செய்வன். எறியிற வேலை எனக்கு வேணாம்.”

அதன் பிறகு அலுவலகங்களைத் துடைக்கிற வேலைக்குப் போனார். உழைப்பு அதிகம், வருமானம் குறைவு. அதைப் பற்றி ஒருநாளும் அவர் முறைப்பட்டதில்லை. எனக்குத்தான் கோபம் ஆறவில்லை.

ஒரு கோடையில் கட்டடத்து ஆட்கள் சிலர் சேர்ந்து இல்-பிசார் என்ற சிறு தீவுக்குப் போனோம். அங்கிருந்து ஆற்றைக் கடந்து அக்கரை லாவாலுக்குப் போகும் படகில் பிள்ளைகளை ஏற்றிக் காட்டுவதாகத் திட்டம். எல்லோருக்குமாக அக்கா ஒரு பெரிய பானையில் கோழிச் சோறு சமைத்துக்கொண்டு வந்தார். படகுக்காக வரிசையில் நின்றபோது பக்கத்தில் சைக்கிளோடு நின்ற சில வெள்ளைக்காரர்கள் மணத்தை மோந்து சிரித்தார்கள். அவ்வளவுதான், பானை திறபட்டது. சைக்கிள்காரருக்குக் கொடுத்தார். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்குக் கொடுத்தார். படகு ஓட்டுகிறவருக்கும் ஒரு தட்டு. அக்கரையில் நாங்கள் பாய் விரித்து உட்கார்ந்தபோது பானையில் அடிப்பிடித்த சோறுதான் இருந்தது. என் கணவர் பொறுமையானவர். அவருக்கே கோபம் வந்துவிட்டது.

“என்னக்கா இது? எங்கட பிள்ளையள் பட்டினி கிடக்க, வழியில போறவனுக்கோ சோறு?”

“அவங்களுக்கு மணம் போயிட்டுதே தம்பி. பொறகு எப்பிடிக் குடுக்காம இருக்கிறது?”

பிள்ளைகளுக்குக் கடையில் பீட்சா வாங்கிக் கொடுத்தோம். அன்று திரும்பி வரும் வழியெல்லாம் நான் அக்காவோடு கதைக்கவில்லை. இதை அன்பு என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. சிலநேரங்களில் அவரைக் கண்டால் பயமாகக்கூட இருக்கும். யார் சாப்பிடுகிறார்கள் என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை, யாராவது சாப்பிட்டால் போதும் என்பதுபோல நடந்துகொள்வார்.

இனிப் பூங்காவுக்கு வருகிறேன்.

மொன்றியல் தீவில் இருந்த ஊர்களையெல்லாம் ஒரே மாநகராகச் சேர்த்து, பிறகு சிலவற்றைத் திரும்பப் பிரித்து, அரசியல்வாதிகள் விளையாடிக்கொண்டிருந்த காலம் அது. ஒவ்வொரு பகுதியும் தனக்கென்று ஏதாவது பெருமையைத் தேடிக்கொண்டிருந்தது. எங்கள் பகுதிக்குப் பூங்காக்கள். பூக்களுக்கும் பராமரிப்புக்கும் அடிக்கடி பரிசு வாங்கும். எங்கள் தெருமுனைப் பூங்காவின் வாசலில் அதைச் சொல்லும் பலகைகளை வரிசையாக நட்டிருந்தார்கள். போதாததற்கு, அந்தக் கோடையில் ஐரோப்பாவில் உள்ள ஒரு சிறிய நகரத்தோடு எங்கள் பகுதி சகோதர நகர ஒப்பந்தமும் செய்துகொண்டது. அந்த ஊர் மேயரும் பிரமுகர்களும் ஓகஸ்ட் மாதம் வருகிறார்கள் என்று வீட்டுக்கு வீடு துண்டுப் பிரசுரம் வந்தது. அக்காவுக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. நான் ஒரு தெப்பனரில், அதாவது தெருமுனைச் சில்லறைக் கடையில், வேலை செய்து, பால் வாங்கவும் சிகரெட் வாங்கவும் வருகிறவர்களோடு கதைத்தே பிரெஞ்சைப் பழகியவள். ஆகவே வாசித்துச் சொன்னேன்.

“ஊரும் ஊரும் சம்பந்தம் செய்யுதாக்கும்?”

“கிட்டத்தட்ட அப்பிடித்தான் அக்கா.”

“அப்ப சம்பந்தி வீட்டாருக்கு என்ன சாப்பாடு?”

“வைனும் சீஸும் எண்டு போட்டிருக்கு.”

“அவ்வளவு தூரத்தில இருந்து வாற ஆக்களுக்குச் சோறில்லையா?” அக்கா உண்மையிலேயே அதிர்ந்துபோனார்.

விருந்தினரை வரவேற்கப் பூங்காவின் நடுவில் ஓர் உருவம் செய்தார்கள். இரண்டு ஆள் உயரத்தில், குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். கம்பியால் கூடு கட்டி, உள்ளே மண்ணை அடைத்து, வெளியே நெருக்கி நெருக்கிச் சின்னஞ்சிறு செடிகளை நட்டிருந்தார்கள். எங்கள் பகுதியின் கை பச்சை. விருந்தாளி ஊரின் கை சிவப்பு. சனம் வந்து நின்று படம் எடுத்தது. நானும் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் உருவத்தைப் பார்க்கவே இல்லை. நேரே கிட்டப் போய் ஓர் இலையைக் கிள்ளி, விரலால் கசக்கி, மணந்து பார்த்தார்.

“புள்ள, இது பொன்னாங்காணி!”

குனிந்து பார்த்தேன். பொன்னாங்காணி போலத்தான் இருந்தது.

“இது வடிவுக்கு வளக்கிற சாதி அக்கா. நாங்கள் சாப்பிடுறது வேற.”

“சாதி என்ன சாதி? கிள்ளினாத் துளிர்க்குதா இல்லையா?”

அந்தக் கைகளின் வடிவம் கெடாமல் இருக்க வேண்டுமானால் அடிக்கடி கத்தரித்துவிட வேண்டும். அந்த வேலைக்கு ஒரு நடுத்தர வயதுத் தோட்டக்காரர் இருந்தார். அவர் கத்தரித்த தளிர்களைப் பை பையாகக் கட்டி எறிவதை அக்கா கண்டுவிட்டார். பிறகு கேட்கவா வேண்டும்? கையாலும் கண்ணாலும் கதைத்து ஒரு பை வாங்கினார். வீட்டில் முயல் வளர்க்கிறார் போலும் என்று அந்த மனிதர் எண்ணினாராம். அடுத்த முறை அவரே கூப்பிட்டுக் கொடுத்தார். ஜூலை முழுக்க எங்கள் கட்டடத்தில் பொன்னாங்காணிச் சுண்டல். தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் போட்டு, தேசிக்காய்ப் புளி விட்டு, நன்றாகத்தான் இருந்தது. படிக்கட்டில் சந்திக்கும்போது ஆட்கள் பகிடி விட்டார்கள். “இண்டைக்கும் மேயரின்ர கீரையோ?” நானும் சிரித்தேன்.

ஜூலை முடிவில் தோட்டக்காரர் லீவில் போனார். கத்தரிக்க ஆளில்லாமல் தளிர்கள் நீண்டன. முற்றிப்போகப் போகிறதே என்று அக்காவுக்குத் தாங்கவில்லை. கத்தரிக்கோலைத் தானே கையில் எடுத்துவிட்டார். இது எனக்குத் தெரியாது.

விருந்தினர் வருவதற்கு முதல்நாள் மத்தியானம் கடைக் கவுண்டரில் நின்றுகொண்டிருந்தேன். பூங்காவுக்குப் பொறுப்பான அதிகாரிப் பெண் உள்ளே வந்தார். கோபத்தில் கழுத்துவரை சிவந்திருந்தார். பின்னால் அக்கா, கையில் வீங்கிய பிளாஸ்டிக் பையோடு. கேட்கும் கேள்விக்கெல்லாம் அக்கா இந்தக் கடையையே காட்டினாராம். கடை முதலாளியிடம் சொல்லிவிட்டு அவர்களோடு பூங்காவுக்குப் போனேன்.

போய்ப் பார்த்தால், விருந்தாளி ஊரின் சிவப்புக் கையில் மூன்று விரல்கள் மொட்டை. மண்ணும் கம்பியும் வெளியே தெரிந்தன. நாளைக்கு மேயரும் மேயரும் கை குலுக்கப் போகிற இடம்.

“மூன்று விரல், மேடம், மூன்று விரல்!” அதிகாரிப் பெண்ணுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “அவர்களுக்கு நான் என்ன சொல்வது? இவரோடு வேறு யாரார் சேர்ந்து எடுத்தார்கள் என்று கேளுங்கள்.”

அக்கா என் பக்கம் திரும்பினார். குரல் நடுங்கவே இல்லை.

“நான்தான் எடுத்தன் எண்டு சொல்லுங்க. எனக்கு மட்டும்தான் எடுத்தன். கட்டடத்தில ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது.”

பொய் என்பது எனக்குத் தெரியும். எங்களைக் காப்பாற்றச் சொன்ன பொய். அவர் சொன்னதை அப்படியே பிரெஞ்சில் சொன்னேன்.

“எதற்கு எடுத்தார்? வீட்டில் நடுவதற்கா?”

“இல்லை. சமைக்கிறதுக்கு.”

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து சிவப்பெல்லாம் வடிந்துபோனதைக் கண்ணால் கண்டேன். “சாப்பிடுகிறாரா? இதையா?” என்று அலறிவிட்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், செடிகளின் அடியில் குத்தியிருந்த ஒரு சிறிய பலகையைக் காட்டினார். பூச்சி விழுந்ததால் போன கிழமை மருந்து அடிக்கப்பட்டிருக்கிறது, தொட வேண்டாம் என்று எழுதியிருந்தது. அந்தப் பலகையில்தான் அக்கா தன் கைப்பையை மாட்டி வைத்திருந்தார். இப்போதும் அது தொங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, இதுக்கு மருந்தடிச்சிருக்காம். நஞ்சு.”

ஒரு கணம் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும் பையைக் கீழே போட்டுவிட்டார். தனக்கு மட்டும் என்று சொல்லி வாய் மூடவில்லை, அதே வாயால் வீடு வீடாகச் சொல்லத் தொடங்கினார்.

“கீழ்வீட்டு ரெண்டு பொடியனுகள். ரெண்டாம் மாடி டீச்சர் வீடு. அந்த மெட்ராஸ் ஆக்கள், கைக்குழந்தைக்காறி. ஐயோ, நாலாம் மாடிக் கிழவன். சொல்லுங்க புள்ள, எல்லாரையும் சொல்லுங்க. உங்கட மகள்! முந்தநாள் நீங்க வேலைக்குப் போன நேரம் உங்கட மகளிட்டயும் ஒரு பெட்டி குடுத்தன்.”

நான் ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் சொல்லிக்கொண்டு வந்தேன். கடைசி வாக்கியத்தையும் சொல்ல வேண்டியிருந்தது. “என்னுடைய மகள்” என்று சொன்னேன்.

அதிகாரிப் பெண் மொட்டை விரல்களை மறந்தார். நஞ்சு பற்றி விசாரிக்கும் அவசர இலக்கத்துக்கு உடனே போன் எடுத்தார். கழுவிச் சமைத்திருந்தால் பெரும்பாலும் பயமில்லை. ஆனாலும் சாப்பிட்ட எல்லோருக்கும் சொல்லுங்கள். வாந்தியோ மயக்கமோ வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் என்றார்கள். இவர் எவ்வளவு சாப்பிட்டார் என்று அக்காவைக் காட்டிக் கேட்டார் அந்தப் பெண்.

“எனக்கு மிஞ்சல்ல” என்றார் அக்கா.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. கோடை முகாமில் இருந்து பஸ்ஸில் எங்கோ பண்ணை பார்க்கப் போயிருந்தாள். முகாமுக்குப் போன் எடுத்தேன். நன்றாக ஓடி விளையாடுகிறாள், ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விடுகிறோம் என்றார்கள். பச்சையாக எதைக் கண்டாலும் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிற பிள்ளை. நிச்சயம் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கணவர் லொறியோடு ரொறொன்ரோவில். அக்காவும் நானும் கதவு கதவாகத் தட்டப் புறப்பட்டோம். அன்று அவருடைய கைகள் வெறுமையாக இருந்தன, கையாலேயே தட்டினார்.

கீழ்வீட்டில் நடந்ததைச் சொல்லி முடிக்க முன்பே அந்த வீட்டுக்காரி சிரித்தாள்.

“ஐயோ அக்கா, நாங்கள் ஏன் அதைச் சாப்பிடுறம்? நாய் மூத்திரம் பெய்யிற இடத்தில பிடுங்கினதெல்லே. தாற அண்டைக்கே எறிஞ்சுபோடுவம். நீங்கள் பயப்பிடாதேங்கோ.”

அக்கா கைகூப்பினார். “அப்பாடா. நல்ல வேலை செய்தீங்க. கடவுள் காப்பாத்தினார்.”

இரண்டாம் மாடியில் டீச்சர், “உங்கட மனம் நோகக் கூடாதெண்டு வாங்கினனாங்கள், வேறொண்டுமில்லை” என்றார். மெட்ராஸ் பெண் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, “நாங்க தொடவே இல்லீங்க. பார்க்ல பறிச்சதுன்னு சொன்னாங்க, அதான்” என்றாள். அக்கா எல்லோருக்கும் “நல்லது, நல்லது” என்றார். ஒவ்வொரு கதவிலும் அந்தச் சொல் சிறுத்துக்கொண்டே போனது. நாலாம் மாடிக் கிழவர்தான் மோசம். “கீரை மட்டுமே பிள்ளை? அவ தாற ஒண்டையும் நாங்கள் வாயில வைக்கிறேல்ல” என்று, அக்கா பக்கத்தில் நிற்க, என்னைப் பார்த்துச் சொன்னார். புட்டு, கணவாய், சுண்டல் எல்லாமே குப்பைக்குத்தான் போயிருக்கிறது. விமானத் தட்டை எறிய மாட்டேன் என்று நல்ல வேலையை விட்டு வந்தவருடைய சாப்பாடு.

ஒவ்வொரு கதவிலும், சாப்பிடவில்லை என்ற பதில் வர வேண்டுமே என்று மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டுதான் நின்றேன். அந்தப் பதில் வந்ததும், சொன்னவரின் கன்னத்தைப் பொத்தி ஒன்று விட வேண்டும் போலிருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கும் என்று கேட்காதீர்கள். இருந்தது. அக்கா படியிறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மிச்சத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நீட்டிப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று மாலையே டொக்டரிடம் காட்டினோம். பூங்காவின் சிவப்பு விரல்களுக்கு அவசரம் அவசரமாகப் புதுச் செடி நட்டார்கள். மேயர்கள் இருவரும் அதன் முன்னால் நின்று கை குலுக்கினார்கள். அந்த வருஷமும் எங்கள் பகுதிக்குப் பரிசு கிடைத்தது. அக்கா மீது ஒரு நடவடிக்கையும் இல்லை. பனி விழ முன்னரே அவர் ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார். யாரிடமும் விலாசம் கொடுக்கவில்லை.

நான் மறக்க முடியாமல் இருப்பது அன்று ஐந்து மணிக்கு என் வீட்டு வாசலில் கண்டதைத்தான்.

மகள் முதுகுப்பையோடு படியேறி வந்தாள். நான் பாய்ந்துபோய் அவளுடைய கையைப் பிடித்தேன். அக்கா சற்றுத் தள்ளி, சுவரோடு சுவராக நின்றார்.

“முந்தநாள் அக்கா தந்த பெட்டி எங்கையடி? அந்தக் கீரை? சாப்பிட்டனியோ, எறிஞ்சனியோ? உண்மையைச் சொல்லு.”

“சாப்பிட்டனான்” என்றாள். என் முகத்தைப் பார்த்துப் பயந்து, ஏதோ குற்றம் செய்தவள் போல மெதுவாகச் சொன்னாள். “முழுப் பெட்டியும். சோறில்லாமல், கரண்டியால. சே த்ரே போன், அம்மா. நல்லாயிருந்தது.”

ஏனோ அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கட்டடம் முழுக்கத் தட்டி வந்து கறுத்துப்போயிருந்த அந்த முகம் மலர்ந்துகொண்டிருந்தது. என் பிள்ளை நஞ்சைத் தின்றேன் என்று சொல்கிறாள், இந்த மனுஷி சிரிக்கிறாள். மகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவரால் அதை அடக்க முடியவில்லை என்பதும் தெரிந்தது.

“உறைப்புக் காணுமா இருந்திச்சா புள்ள?”

கேட்டேவிட்டார். கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு, கண்கள் நிரம்ப என்னைப் பார்த்தார்.

ஒன்றும் அறியாத என் மகள் அவரைப் பார்த்துச் சொன்னாள், “அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடப் போடுங்கோ.”